சிவப்பு முக்கோணம் வந்தால்: பிரௌசர் எச்சரிக்கையைப் படித்து முடிவெடுப்பது எப்படி

வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டுகளில் சிவப்பு முக்கோணம் பளிச்சென்று தெரியும். 'யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்' என்ற பெரிய எழுத்தும் தெரியும். எனக்கு வேண்டிய ஒரே ஒரு வரி மட்டும் வெட்டுப்பட்டிருக்கும். அது கீழே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் 'தாண்டிப் போகலாமா, கூடாதா' என்று யார் கேட்டாலும் என்னால் பதில் சொல்ல முடியாது.

பினாங்கில் சின்னக் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கணினி பார்த்துக் கொடுப்பது என் தொழில். லிட்டில் இந்தியாவில் ஜவுளிக்கடை, பட்டர்வொர்த்தில் கணக்கர் அலுவலகம், புக்கிட் மெர்தாஜாமில் டியூஷன் சென்டர் என்று பாலத்துக்கு இரண்டு பக்கமும் அலைவேன். இந்த எச்சரிக்கையைப் பார்த்ததும் பலர் யோசிக்காமல் அழுத்தித் தள்ளிவிட்டுப் போகிறார்கள். சிலர் வைரஸ் வந்துவிட்டது என்று கணினியையே அணைத்துவிடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம்.

பொடி எழுத்து என்ன சொல்கிறது

குரோமிலும் எட்ஜிலும் அந்த வரி 'நெட் எர்ர் செர்ட்' என்று ஆரம்பிக்கும். அதற்குப் பின்னால் பெரும்பாலும் 'டேட் இன்வேலிட்', 'காமன் நேம் இன்வேலிட்', 'அத்தாரிட்டி இன்வேலிட்' இந்த மூன்றில் ஒன்றுதான் வரும். ஃபயர்ஃபாக்ஸில் 'அட்வான்ஸ்டு' பொத்தானை அழுத்தினால்தான் குறியீடு தெரியும். அங்கே 'எக்ஸ்பையர்டு சர்டிபிகேட்', 'பேட் செர்ட் டொமைன்', 'அன்னோன் இஷ்யூவர்', 'செல்ஃப் சைன்டு செர்ட்' ஆகிய சொற்களைத் தேடுங்கள். ஐபோன் சஃபாரியில் 'ஷோ டீடெய்ல்ஸ்' தட்டினால் விவரம் வாக்கியமாக வரும்.

சான்றிதழ் என்பது தளத்தின் கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட். அதில் பெயர் இருக்கும், யார் கொடுத்தது என்று இருக்கும், எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை செல்லும் என்று இருக்கும். பெயர் பொருந்தவில்லை என்றால் 'காமன் நேம்', தேதி தாண்டிவிட்டால் 'டேட்', கொடுத்தவரை பிரௌசருக்குத் தெரியாது என்றால் 'அத்தாரிட்டி'. தன் கடப்பிதழைத் தானே அச்சடித்துக்கொண்டு வந்து நிற்பதுதான் செல்ஃப் சைன்டு.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எச்சரிக்கை வந்தால் நீங்கள் அனுப்புவது மறைக்கப்படாமல் போகிறது என்று அர்த்தமில்லை. மறைத்துத்தான் போகிறது. யாரிடம் போகிறது என்பதற்குத்தான் உத்தரவாதம் இல்லை. நடுவில் ஒருவன் உட்கார்ந்து தன் சான்றிதழை நீட்டினாலும் இதே திரைதான் வரும்.

அதனால் நான் எல்லாரிடமும் சொல்வது ஒரே விதி. எதிர்ப்பக்கம் இருக்கும் பெட்டியை நீங்கள் இப்போது நடந்துபோய்க் கையால் தொட முடியுமா? உங்கள் வீட்டு ரூட்டர், கடை மாடியில் இருக்கும் சிசிடிவி ரெக்கார்டர், அலுவலகப் பிரிண்டர், கோப்பு வைத்திருக்கும் நாஸ் பெட்டி என்றால், காரணத்தைப் பார்த்துவிட்டுத் தாண்டலாம். வங்கி, வருமான வரி, ஈபிஎஃப், ஆன்லைன் கடை, மின்னஞ்சல் என்றால் தாண்டக் கூடாது. 'அவசரம், இன்றைக்குக் கடைசி நாள்' என்றாலும் கூடாது. கைபேசியில் வங்கிச் செயலி இருந்தால் அதில் பாருங்கள், இல்லாவிட்டால் கிளைக்குப் போன் செய்யுங்கள்.

'டேட் இன்வேலிட்': முதலில் உங்கள் கடிகாரம்

தேதிக் கோளாறு என்று வந்தால் தளத்தைக் குறை சொல்வதற்கு முன் திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். பட்டர்வொர்த் கணக்கர் அலுவலகத்தில் ஒரு பழைய மேசைக் கணினி. காலையில் திறந்தால் எந்தத் தளமும் வராது, கூகுள்கூட வராது. "தம்பி, இன்டர்நெட்டையே ஹேக் பண்ணிட்டாங்க போல" என்றார் பெரியவர். கடிகாரம் 2009 ஜனவரி என்று காட்டிக்கொண்டிருந்தது. மதர்போர்டில் காசு வடிவத்தில் ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032 என்று மேலே எழுதியிருக்கும். அது செத்துப்போனால், இரவில் சுவிட்சை அணைத்ததும் கணினி தேதியை மறந்துவிடும். 2009-இல் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் தொடங்காதவை. சில வெள்ளிக்கு (ரிங்கிட்) கைக்கடிகாரக் கடையிலேயே அந்த பேட்டரி கிடைக்கும். கணினியின் மின்கம்பியைக் கழற்றிவிட்டுப் பழையதை நெம்பி எடுத்து, எழுத்து உள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதைப் போட்டால் வேலை முடிந்தது.

பேட்டரி மாற்றிய பிறகு விண்டோஸில் செட்டிங்ஸ், அதில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்', அதில் 'சின்க் நவ்'. நேர மண்டலம் 'கோலாலம்பூர், சிங்கப்பூர்' என்று இருக்க வேண்டும், அதாவது யூடிசி (உலகப் பொது நேரம்) கூட்டல் 8. சிலர் மண்டலத்தைத் தப்பாக விட்டுவிட்டு மணியை மட்டும் கையால் திருத்தி வைப்பார்கள். பார்க்கச் சரியாக இருக்கும். ஆனால் சான்றிதழைச் சோதிக்கும்போது கணினி யூடிசி நேரத்தைத்தான் எடுக்கும், அது பல மணி நேரம் தள்ளி நிற்கும். பெரும்பாலான தளங்கள் இதனால் பாதிக்காது. இன்றுதான் சான்றிதழ் புதுப்பித்த தளமோ, நாளை முடியப்போகும் தளமோ மட்டும் தகராறு செய்யும். ஒரு தளம் மட்டும் உங்கள் கணினியில் வரவில்லை, பக்கத்து மேசையில் வருகிறது என்றால் இதையும் பாருங்கள். கடிகாரம் ரொம்பத் தப்பு என்றால் குரோமே 'யுவர் கிளாக் இஸ் பிஹைண்ட்' என்று தனித் திரை காட்டிவிடும்.

கடிகாரம் சரி, தேதிதான் முடிந்திருக்கிறது என்றால் எப்போது முடிந்தது என்று பாருங்கள். முகவரிக்கு இடது பக்கம் இருக்கும் 'நாட் செக்யூர்' என்பதைத் தட்டி, சான்றிதழ் விவரத்துக்குப் போனால் 'எக்ஸ்பயர்ஸ் ஆன்' என்று இருக்கும். சரியாக இருக்கும் தளங்களில் அந்த இடத்தில் முன்பு பூட்டுப் படம் இருந்தது. 2023 செப்டம்பரில் வந்த குரோம் 117-இலிருந்து அதை எடுத்துவிட்டு, இரண்டு கோடும் வட்டமும் உள்ள ஒரு குறியை வைத்துவிட்டார்கள். பூட்டு இருந்தால் நல்ல தளம் என்று ஜனங்கள் நம்பியதுதான் காரணம். மோசடித் தளமும் இலவசமாகச் சான்றிதழ் வாங்கிவிடும் காலம் இது. அதனால் எச்சரிக்கை வரவில்லை என்பதை மட்டும் வைத்து ஒரு தளத்தை நம்பிவிடாதீர்கள்.

நேற்று நள்ளிரவில் முடிந்தது என்றால் பெரும்பாலும் உரிமையாளர் மறந்திருக்கிறார். மாலைக்குள் சரியாகிவிடும், அப்புறம் வாருங்கள். இரண்டு வருடம் முன்பே முடிந்தது என்றால் அந்தத் தளத்தை யாரும் கவனிக்கவில்லை. சான்றிதழையே கவனிக்காதவர் உங்கள் கடவுச்சொல்லை எப்படி வைத்திருப்பார் என்று யோசியுங்கள். 'ஒரு நாள்தானே தாண்டிவிட்டது, அதே சான்றிதழ்தானே' என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. ஒரு சான்றிதழின் ரகசியச் சாவி (சான்றிதழ் தன்னுடையதுதான் என்று தளம் நிரூபிக்கும் கோப்பு) திருட்டுப்போனால் அதைக் கொடுத்த நிறுவனம் ரத்துப் பட்டியலில் சேர்க்கும். காலாவதி ஆனவற்றை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது வழக்கம். அதனால் காலாவதி ஆன சான்றிதழ் திருடன் கையில் இருக்கிறதா, சொந்தக்காரர் கையில் இருக்கிறதா என்று பிரௌசரால் பிறகு கண்டுபிடிக்க முடியாது.

பழைய கைபேசி, பழைய டேப்லெட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சான்றிதழ் அமைப்பு ஆரம்பத்தில் சாய்ந்து நின்ற ஒரு மூலச் சான்றிதழ் (பிரௌசர் முன்கூட்டியே நம்பி வைத்திருக்கும் தலைமைச் சான்றிதழ்) 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதி ஆனது. லெட்ஸ் என்கிரிப்டின் சொந்த மூலச் சான்றிதழை ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்திய கைபேசிகளுக்குத் தெரியாது. கல்லாப்பெட்டி பக்கத்தில் பில் போட வைத்திருக்கும் அந்தக் காலத்து டேப்லெட்டில் பாதித் தளம் வருகிறது, பாதி வரவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். கடிகாரத்தைத் திருத்திப் பயனில்லை. அந்தச் சாதனத்தில் பணம், கடவுச்சொல் சம்பந்தப்பட்ட எதையும் செய்யாதீர்கள்.

'காமன் நேம் இன்வேலிட்': பெயர் மாறியிருக்கிறது

இதில் பாதி எழுத்துப்பிழை. முகவரியில் முன்னால் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' சேர்த்தோ எடுத்தோ பாருங்கள். சான்றிதழ் ஒரு வடிவத்துக்கு மட்டும் வாங்கப்பட்டிருக்கலாம்.

மீதியில் பெரும்பகுதி வைஃபை. ஹோட்டலிலோ கோப்பிக் கடையிலோ வைஃபையில் சேர்ந்ததும் அது உங்களை ஒரு வரவேற்புப் பக்கத்துக்கு இழுக்கப் பார்க்கும். நீங்கள் ஜிமெயில் கேட்டிருப்பீர்கள், பதில் ஹோட்டல் ரூட்டரிடமிருந்து வரும். பெயர் பொருந்தாது, முக்கோணம் வரும். இங்கே 'புரொசீட்' அழுத்தாதீர்கள். புதிய டேப் திறந்து நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று அடியுங்கள். வேண்டுமென்றே சான்றிதழ் இல்லாமல் நடத்தும் தளம் அது, ஆகவே வரவேற்புப் பக்கம் தடையில்லாமல் வந்துவிடும். அறை எண்ணோ குறியீடோ போட்டு உள்ளே போன பிறகு ஜிமெயிலைத் திறந்தால் எச்சரிக்கை வரக் கூடாது. அப்போதும் வந்தால் அந்த வைஃபையை விட்டுவிட்டுச் சொந்த டேட்டாவுக்கு மாறுங்கள்.

'அத்தாரிட்டி இன்வேலிட்': யார் கொடுத்தது இது?

எனக்கு அதிகம் வருவது இதுதான். லெபோ பாசார் பக்கம் ஒரு ஜவுளிக்கடை. பட்டுப்புடவை மாடியில் எட்டு கேமரா, ஒரு ரெக்கார்டர். அதன் பக்கத்தை பிரௌசரில் திறந்தால் முக்கோணம். "அண்ணே, இது உங்க பெட்டிதான், பயப்படாதீங்க" என்றேன். "என் பெட்டி என்னையே ஏன்டா நம்பாதேன்னு சொல்லுது?" என்றார் முதலாளி.

நியாயமான கேள்வி. ரெக்கார்டரின் முகவரி 192.168.1 என்று ஆரம்பிக்கும் ஓர் உள் எண். உலகத்தில் கோடிக்கணக்கான வீடுகளில் இதே எண் இருக்கிறது. அதனால் எந்தப் பொதுச் சான்றிதழ் நிறுவனமும் அந்த எண்ணுக்குச் சான்றிதழ் தராது. தயாரித்தவர்கள் பெட்டிக்குள்ளேயே ஒன்றைச் செய்து வைத்து அனுப்பிவிடுகிறார்கள். ரூட்டரும் பிரிண்டரும் அப்படித்தான்.

முதல் முறை தாண்டும்போது மட்டும் கொஞ்சம் சிரமம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மடிக்கணினியை ஒரு கேபிளால் நேராக அந்தப் பெட்டியில் செருகுங்கள். நடுவில் வேறு யாருமில்லை என்பது கண்ணுக்கே தெரியும். இரண்டுக்கும் உள் எண் ஒரே வரிசையில் இருக்க வேண்டும், அதனால் மடிக்கணினிக்குக் கையால் ஓர் எண் கொடுக்க வேண்டி வரலாம். பக்கம் திறந்ததும் சான்றிதழ் விவரத்தில் 'ஷா 256 ஃபிங்கர்பிரிண்ட்' என்று ஒரு நீண்ட எழுத்து வரிசை இருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வழக்கமான நெட்வொர்க்கிலிருந்து திறக்கும்போது இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் சில எழுத்தும் கடைசியில் சில எழுத்தும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தாண்டுங்கள்.

குரோமில் 'அட்வான்ஸ்டு', அப்புறம் 'புரொசீட்'. பக்கத்தில் 'அன்சேஃப்' என்று போட்டிருக்கும். அது அந்தச் சம்மதத்தை ஏறத்தாழ ஒரு வாரம்தான் நினைவில் வைத்திருக்கும், அதனால் திரும்பத் திரும்பக் கேட்கும். ஃபயர்ஃபாக்ஸ் 'அக்செப்ட் த ரிஸ்க் அண்ட் கன்டினியூ' அழுத்தினால் அந்தக் குறிப்பிட்ட சான்றிதழை நிரந்தரமாகக் குறித்துக்கொள்ளும். உள் பெட்டிகளுக்கு நான் ஃபயர்ஃபாக்ஸையே சிபாரிசு செய்வேன். ஒருமுறை குறித்துவிட்டால், மறுபடி எச்சரிக்கை வருவது ஏதோ மாறிவிட்டது என்பதற்கு அடையாளம். குரோமில் வாராவாரம் அழுத்திப் பழகிய கை, நிஜமாகவே மாறிய நாளிலும் அழுத்திவிடும்.

அப்படி மறுபடி வந்தால் என்ன அர்த்தம்? பெட்டியை ரீசெட் செய்திருக்கலாம், மென்பொருள் புதுப்பித்தபோது புதுச் சான்றிதழ் பிறந்திருக்கலாம். நான் அடிக்கடி பார்ப்பது வேறு: மின்சாரம் போய் வந்ததும் ரூட்டர் உள் எண்களை மாற்றிக் கொடுத்துவிடும். நேற்று ரெக்கார்டர் இருந்த எண்ணில் இன்று பிரிண்டர் உட்கார்ந்திருக்கும். நீங்கள் கேமராக் கடவுச்சொல்லை பிரிண்டரிடம் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். ரூட்டர் அமைப்பில் 'டிஹெச்சிபி ரிசர்வேஷன்' என்று இருக்கும் இடத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண்ணை நிலையாக ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஜவுளிக்கடை முதலாளிக்கு அடுத்த ஆசை, ஈப்போவில் மகள் வீட்டிலிருந்து கேமரா பார்க்க வேண்டும். யாரோ ரூட்டரில் வெளியிலிருந்து உள்ளே வரும் வாசலை (போர்ட்) திறந்துவிட்டு, 'எச்சரிக்கை வரும், அழுத்திட்டுப் போங்க' என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இது வேண்டவே வேண்டாம். ஈப்போவிலிருந்து நடந்து வந்து பெட்டியைத் தொட முடியாது. அதே செல்ஃப் சைன்டு சான்றிதழ் கடைக்குள் பரவாயில்லை, வெளியிலிருந்து வந்தால் ஆபத்து. திறந்த வாசலைத் தேடி இணையம் முழுக்க இருபத்து நான்கு மணி நேரமும் தட்டிப் பார்க்கும் நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. வாசலை மூடிவிட்டு டெயில்ஸ்கேல் அல்லது வயர்கார்ட் மாதிரி ஒரு விபிஎன் போட்டுக் கொடுத்தேன். மகள் வீட்டுக் கைபேசி கடை நெட்வொர்க்குக்குள்ளேயே இருப்பதுபோல் ஆகிவிடும்.

எச்சரிக்கையே வராமல் செய்வது

ஐந்தாறு பேர் தினமும் நாஸ் பெட்டியைத் திறக்கும் அலுவலகத்தில் ஒவ்வொருவருக்கும் விதி சொல்லிக்கொண்டிருப்பதைவிட, சொந்தமாக ஒரு குட்டிச் சான்றிதழ் நிலையம் அமைப்பது மேல். எம்கே-செர்ட் என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது. அதை உங்கள் கணினியில் நிறுவி, 'இன்ஸ்டால்' கட்டளையை ஓட்டினால் ஒரு மூலச் சான்றிதழை உருவாக்கி, அந்தக் கணினியை நம்ப வைத்துவிடும். அடுத்து, பெட்டியின் பெயரையும் உள் எண்ணையும் சேர்த்து அதே கருவிக்குக் கொடுத்தால் இரண்டு கோப்பு வரும்: ஒன்று சான்றிதழ், ஒன்று சாவி. பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் 'சர்டிபிகேட்' என்ற இடத்தில் இரண்டையும் ஏற்றுங்கள். பெயர், எண் இரண்டையும் கொடுப்பது முக்கியம். 2017-இல் வந்த குரோம் 58 முதல், சான்றிதழின் 'மாற்றுப் பெயர்' பட்டியலில் இல்லாத முகவரியை அது ஏற்பதில்லை. பழைய வழிகாட்டிகளைப் பார்த்துக் கையால் சான்றிதழ் செய்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

மற்ற கணினிகளுக்கு மூலச் சான்றிதழை மட்டும் கொண்டுபோங்கள். அதன் சாவிக் கோப்பு, பெயரிலேயே 'கீ' என்று இருக்கும், அது உங்கள் கணினியை விட்டு வெளியே போகக் கூடாது. அது கிடைத்தவன் உங்கள் அலுவலகக் கணினிகளை ஏமாற்ற எந்த வங்கியின் பெயரிலும் சான்றிதழ் எழுதிக்கொள்ளலாம். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். விண்டோஸில் மூலச் சான்றிதழின் கோப்புப் பெயர் '.crt' என்று முடியும்படி மாற்றி, அதை இருமுறை சொடுக்கி, 'இன்ஸ்டால் சர்டிபிகேட்', 'லோக்கல் மெஷின்', 'ட்ரஸ்டட் ரூட் சர்டிஃபிகேஷன் அத்தாரிட்டீஸ்' என்று போக வேண்டும். ஐபோனில் நிறுவினால் மட்டும் போதாது. செட்டிங்ஸ், 'ஜெனரல்', 'அபௌட்' போய் அடியில் இருக்கும் 'சர்டிபிகேட் ட்ரஸ்ட் செட்டிங்ஸ்' பகுதியில் சுவிட்சைத் தட்டிவிட வேண்டும். இதை மறந்துவிட்டுத்தான் பலர் எனக்குப் போன் செய்வார்கள். பத்து வருடத்துக்குச் சான்றிதழ் எழுதி நிம்மதியாக இருக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், ஆப்பிள் சாதனங்கள் 825 நாளுக்கு மேல் போனால் ஒத்துக்கொள்ளாது. எம்கே-செர்ட் அந்தக் கணக்கை அறிந்தே இரண்டேகால் வருடம் கொடுக்கிறது. ஆண்ட்ராய்டில் குரோம் வேலை செய்யும், ஆனால் ஆண்ட்ராய்டு 7 முதல் மற்ற செயலிகள் பெரும்பாலும் நீங்கள் சேர்த்த சான்றிதழை மதிக்காது.

சொந்த டொமைன் (தளத்தின் பெயர்) வைத்திருந்தால் இதைவிடச் சுத்தமான வழி உண்டு. டிஎன்எஸ் (பெயரை முகவரி எண்ணோடு இணைக்கும் அமைப்பு) பதிவு மூலம் உரிமையை நிரூபித்து, உள் பெட்டிக்கே லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் வாங்கலாம். எந்தக் கைபேசியிலும் எதையும் நிறுவ வேண்டாம். ஒரு விஷயம்: இப்படி வாங்கும் பெயர்கள் எல்லாம் பொதுப் பதிவேட்டில் ஏறி யாரும் தேடிப் பார்க்கும்படி இருக்கும். 'நகைப்பெட்டி-அறை-கேமரா' என்று பெயர் வைக்காதீர்கள்.

பெரிய தளத்தில் 'அத்தாரிட்டி' வந்தால்

ரூட்டரில் வந்தால் சாதாரணம். வங்கித் தளத்திலோ ஜிமெயிலிலோ வந்தால் சாதாரணமில்லை. சான்றிதழில் 'இஷ்யூவர்' என்ற இடத்தைப் பாருங்கள். உங்கள் ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால், அது நடுவில் புகுந்து பிரித்துப் பார்க்கிறது. அதன் அமைப்பில் 'ஹெச்டிடிபிஎஸ் ஸ்கேனிங்' என்பதை அணைத்துவிடலாம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை கொடுத்த மடிக்கணினி என்றால் நிறுவனத்தின் பெயர் இருக்கலாம். அது அவர்கள் உரிமை, அவர்கள் ஐடி பிரிவிடம் கேளுங்கள், சொந்த வங்கி வேலையை அந்த இயந்திரத்தில் செய்யாதீர்கள். இரண்டும் இல்லாமல் புரியாத பெயர் இருந்தால் நெட்டைத் துண்டித்துவிட்டுத் தெரிந்தவரை அழையுங்கள்.

முக்கியமான தளங்கள் பலவற்றில் 'அட்வான்ஸ்டு' அழுத்தினாலும் 'புரொசீட்' என்ற வழியே இருக்காது. 'என்னிடம் சரியான சான்றிதழ் இல்லாமல் யாரும் வரக் கூடாது' என்று தளம் முன்கூட்டியே பிரௌசரிடம் சொல்லி வைத்திருக்கிறது. ஹெச்எஸ்டிஎஸ் என்று பெயர். அதைத் தாண்ட குறுக்கு வழி தேடாதீர்கள். வழி இல்லை என்பதே பதில்.

சான்றிதழ் கொடுப்பவர்களும் தவறு செய்வது உண்டு. நம் நாட்டிலேயே 2011 நவம்பரில் டிஜிசெர்ட் செண்டிரியான் பெர்ஹாட் என்ற நிறுவனம், 512 பிட் நீளமே உள்ள பலவீனமான சாவிகளோடு 22 சான்றிதழ்கள் கொடுத்திருந்தது தெரியவந்தது. அதே பெயர் சாயலில் இருக்கும் அமெரிக்க நிறுவனம் வேறு. மொசில்லாவும் மைக்ரோசாஃப்டும் அந்த நிறுவனத்தின் இடைநிலைச் சான்றிதழ் (மூலச் சான்றிதழுக்கும் தளத்தின் சான்றிதழுக்கும் நடுவில் நிற்பது) மீதான நம்பிக்கையை விலக்கின. அதனால் நேற்றுவரை நல்லபடி வந்த ஒரு தளம், தேதி முடியாமலேயே 'அத்தாரிட்டி' என்றோ 'ரிவோக்டு' (ரத்து) என்றோ காட்டலாம். 'ரிவோக்டு' என்று வந்தால் எந்தத் தளமானாலும் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

யாராவது வாட்ஸ்அப்பில் அழைத்து, 'இந்தச் சான்றிதழ் கோப்பை நிறுவினால்தான் உங்கள் கணக்கு திறக்கும்' என்றால் வைத்துவிடுங்கள். வங்கி ஒருபோதும் அப்படிக் கேட்காது. நிறுவி, பணமும் போய்விட்டது என்றால் உடனே 997. தேசிய மோசடி பதிலளிப்பு மையத்தின் எண் அது, வங்கியையும் அதே கையோடு அழையுங்கள்.

உங்கள் தளத்திலேயே முக்கோணம் வந்தால்

தைப்பூசத்துக்கு முந்திய வாரம் ஒரு தண்ணீர்ப்பந்தல் குழுவின் நன்கொடைப் பக்கம் காலாவதி ஆகி நின்றது. சான்றிதழைப் புதுப்பிப்பது ஐந்து நிமிட வேலை. டொமைன் கணக்கு யார் கையில் என்று தேடுவதில்தான் நாள் போனது. முன்னாள் செயலாளரின் பழைய மின்னஞ்சலில் இருந்தது, அவர் ஆஸ்திரேலியாவில். ஆகவே முதல் வேலை: டொமைன், ஹோஸ்டிங் இரண்டையும் தனி ஆள் பெயரில் இல்லாத ஒரு குழு மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள்.

இரண்டாவது, கையால் புதுப்பிக்கும் பழக்கத்தை விடுங்கள். காலண்டரில் எழுதி வைத்துச் சமாளித்த காலம் முடிகிறது. 2020 செப்டம்பரிலிருந்து ஒரு சான்றிதழுக்கு அதிகபட்சம் 398 நாள் இருந்தது. 2026 மார்ச் 15 முதல் கொடுப்பவற்றுக்கு 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று சான்றிதழ் நிறுவனங்களும் பிரௌசர் நிறுவனங்களும் சேர்ந்து முடிவு செய்துவிட்டன. லெட்ஸ் என்கிரிப்ட் ஆரம்பத்திலிருந்தே 90 நாள்தான் கொடுத்து வந்தது. அது அனுப்பிக்கொண்டிருந்த நினைவூட்டல் மின்னஞ்சலும் 2025 ஜூனோடு நின்றுவிட்டது.

சி-பேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கம்) உள்ள ஹோஸ்டிங் என்றால் 'ஆட்டோ எஸ்எஸ்எல்' இயங்குகிறதா என்று பாருங்கள். சொந்த சர்வர் என்றால் செர்ட்பாட் (லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை வாங்கித் தானே புதுப்பிக்கும் நிரல்) போட்டு, 'ரினியூ' கட்டளையை 'டிரை ரன்' (ஒத்திகை) சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தோற்றால் பெரும்பாலும் 80-ஆம் எண் வாசலை யாரோ 'பாதுகாப்புக்காக' மூடியிருப்பார்கள். நிஜமாகவே புதுப்பித்த பிறகும் தளம் பழைய தேதியையே காட்டினால், புதிய சான்றிதழ் வட்டில் வந்துவிட்டது, வெப் சர்வர் அதை இன்னும் படிக்கவில்லை. புதுப்பித்ததும் சர்வரை 'ரீலோடு' செய்யும்படி செர்ட்பாட்டில் ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்.

எல்லாம் முடிந்ததும் அலுவலக மேசைக் கணினியில் மட்டும் திறந்து பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். இடைநிலைச் சான்றிதழைச் சேர்க்காமல் விட்டிருந்தால் மேசைக் கணினி குரோம் அதைத் தானே தேடி எடுத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாது, வேறு சில சாதனங்களிலும் செயலிகளிலும் சான்றிதழ்க் கோளாறு என்று அடிக்கலாம். செர்ட்பாட் கொடுக்கும் கோப்புகளில் 'ஃபுல்செயின்' என்ற பெயருள்ளதைத்தான் வெப் சர்வருக்குக் கொடுக்க வேண்டும், வெறும் 'செர்ட்' என்பதை அல்ல. வைஃபையை அணைத்துவிட்டு ஓர் ஆண்ட்ராய்டு கைபேசியில் டேட்டா வழியாகத் திறந்து பாருங்கள். அப்படியே எஸ்எஸ்எல் லேப்ஸ் சோதனைப் பக்கத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்து, 'செயின் இஷ்யூஸ்' என்ற வரியில் 'நன்' என்று வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.